திருப்பிச் சொல்லு, சாமி

"நாய்க்குட்டிய வாலப் புடிச்சாத் தூக்குவ?"

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். நான் தூக்கியது நாய்க்குட்டியை அல்ல, ஒரு வாக்கி-டாக்கியை. அதன் ஏரியலைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். வேலையில் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எம்.காம். முதல் வகுப்பு என்று நேர்காணலில் பெருமையாகச் சொன்னவள், கையில் வாலோடு நின்றேன்.

சேலத்தில் ஐந்து மாடி ஜவுளிக்கடை அது. அவர் அங்கே செக்யூரிட்டி சூப்பர்வைசர். எனக்கு வாசலை ஒட்டிய உதவி மேசை. தொலைந்த குடை, தொலைந்த செருப்பு, தொலைந்த குழந்தை எல்லாம் என்னிடம்தான் வரும். கூடவே பதினான்கு வாக்கிகளைக் காலையில் காவலர்களுக்கு எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிச் சார்ஜ் போட வேண்டும். ஒன்றரை வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, இங்கே பதினான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தேன். என் மகளைவிட இவை சொன்ன பேச்சைக் கேட்டன.

வளர்ப்பது என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு செட்டையும் அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, மின்சாரம் ஏறும் பட்டைகளை உலர்ந்த பனியன் துணியால் துடைக்க வேண்டும். ஈரத்துணி ஆகாது. பேசும் துளையில் படிந்த எச்சில், வியர்வை, முகப்பவுடர் எல்லாவற்றையும் பழைய பல் பிரஷால் தட்டிவிட வேண்டும். சார்ஜரில் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை எடுக்கக் கூடாது. பச்சையானபின் அதிலேயே விட்டுவைக்கவும் கூடாது. "நெறஞ்ச வயித்துக்குச் சோறு ஊட்டாத" என்பார். வீட்டில் என் மாமியாரும் பாப்பாவைப் பற்றி இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு இடத்திலும் ஊட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பேசுவதற்கும் அவரிடம் முறை இருந்தது. "அமுத்து. ஒரு மூச்சு உடு. அப்பறம் பேசு. அமுத்துனவொடனே பேசுனா மொத வார்த்த செத்துப் போயிரும்." பேசி முடித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். ஒருவர் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை மற்ற பதின்மூன்று பேரும் ஊமைகள். இதில் இன்னொரு கட்டளையும் உண்டு. குழந்தை தொலைந்தால் சட்டையின் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும், பெயரை வாக்கியில் சொல்லவே கூடாது.

"பேரு வெளிய போனா எவன் காதுல உழுகுமோ? பேரச் சொல்லிக் கூப்புட்டா எந்தப் புள்ளயும் பின்னால போயிரும்."

அன்று பஸ்ஸில் அதையே நினைத்து நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பச்சைக் கவுன்! பச்சைக் கவுன்!" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மற்ற அம்மாக்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

இத்தனையும் சொல்லி முடித்த முதல் நாளில், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "திருப்பிச் சொல்லு, சாமி" என்றார்.

அந்த மூன்று வார்த்தைதான் அவர். சொன்னவன் சொன்னது பாதிதான், கேட்டவன் திருப்பிச் சொன்னால்தான் முழுசு என்பது அவர் கட்சி. வாக்கிக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அவர் அதை உலகத்துக்கே சட்டமாக்கி வைத்திருந்தார். எங்கள் டீக்காரர் தூக்குவாளியோடு நின்று ஒப்பிப்பார்: "நாலு டீ, ஒண்ணு சக்கர இல்லாம, ஒண்ணு ஸ்ட்ராங்கா. போதுங்களா? இந்தக் கடைக்குச் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீயே ஆறிப் போவுது."

ஒருமுறை கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு அம்மா அவரிடம் மாட்டினார்.

"பட்டுச்சேலை எந்த மாடிங்க?"

"பட்டுச்சேலை எந்த மாடின்னு கேக்கறீங்க."

"ஆமாங்க, அதத்தான கேக்கறேன்."

"ரெண்டாவது மாடிங்க. ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க."

"நான் சேல எடுக்க வந்தேனா, பள்ளிக்கூடத்துக்கு வந்தேனா?"

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனால் லிஃப்டில் ஏறும்போது அவர் உதடு "ரெண்டாவது மாடி" என்று அசைந்ததை நான் பார்த்தேன்.

சொந்த மகளின் நிச்சயத்தில்கூட விடவில்லையாம். "தை மாசம் கல்யாணம்னு பேசிருக்கறோம். சம்மந்தி, நீங்க ஒருக்காத் திருப்பிச் சொல்லிருங்க" என்று சபையில் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறி எழுந்துவிட்டாராம். மூன்றாவது மாடி அக்கா அந்த நிச்சயத்துக்குப் போயிருந்தார். அந்த மாடிக்குக் காவல் அவர்தான் என்பதால் கடையில் எல்லோருக்கும் மூணாவது மாடி அக்கா. "ரெண்டு தடவ பாயசம் ஊத்தித்தான் அந்த மனுசன உக்கார வெச்சோம்" என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

இந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியது. ஏற்கெனவே பூட்டிய பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பவள் நான். எனக்கு இப்படி ஒரு மந்திரம் கிடைத்தால் விடுவேனா? "பால் பாக்கெட், பாப்பாவுக்கு டயபர். திருப்பிச் சொல்லுங்க" என்றேன் கணவரிடம். அவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். "எங்க ஸ்டேஷன்ல ரயிலுக்குக்கூட இத்தனை தடவ சொல்றதில்ல" என்றார். டயபர் வாங்கி வந்தார், பால் இல்லை. திருப்பிச் சொல்லியிருந்தால் வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆள் பார்க்க எடுப்பாக இருப்பார். மீசைக்கு வாரம் தவறாமல் சாயம். பெல்ட்டின் கொக்கி முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். இளமையில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போனவர். தண்ணீர் வந்த கதைகளை மட்டும்தான் சொல்வார், வராத கதை ஒன்றுகூட அவரிடம் இல்லை. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காதாம், அதனால் அங்கே எல்லாம் கைச்சாடைதான். கடையில் நடுவே ஐந்து மாடிக்கும் திறப்பாக ஒரு முற்றம் உண்டு. கீழே நின்றபடி ஐந்தாவது மாடிக் காவலரோடு கைகளாலேயே சண்டை போடுவார், கைகளாலேயே சமாதானமும் ஆவார். வாக்கி இருக்கும்போது இது எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை.

கூட்டமில்லாத ஒரு மதியம் புரிந்தது. அவர் தெருவைப் பார்த்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் இருந்த வாக்கி "வாசல், வாசல்" என்று கூப்பிட்டது. வாசல் என்றால் அவர்தான். வாக்கி மறுபடியும் கூப்பிட்டது. அவர் நிதானமாக டீயை ஊதினார். நான் எழுந்து போய் எதிரே நின்றேன். கண்ணைச் சுருக்கி என் வாயையே பார்த்தார்.

"அண்ணா, கூப்படறாங்க."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று வாக்கியை எடுத்தார்.

கேட்கவில்லை. கம்ப்ரசர் அவர் காதை எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தது. நேருக்கு நேர் என்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வாக்கிக்கு உதடு இல்லை. எல்லோரையும் ஏன் திருப்பிச் சொல்ல வைக்கிறார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தான் ஊகித்தது சரியா என்று பார்த்துக்கொள்ள அவருக்கு வேறு வழியில்லை.

கண்டுபிடித்தபின் ஒரு பொறுப்புள்ள பெண் என்ன செய்ய வேண்டும்? நான் பொறுப்பின் மறுபெயர். ஆகவே மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தேன். மேனேஜரிடம் சொன்னால் அவர் வேலை போகும். வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். அந்த வயதில், அந்தக் காதோடு, வேறு யார் வேலை தருவார்கள்? சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு குழந்தை போகும். காலையில் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறுவேன். இறங்கும்போது வேண்டாம் என்று இறங்குவேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாக்கியில் எது வந்தாலும் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, தற்செயலாகச் சொல்வதுபோல ஒருமுறை வாயால் சொல்லிவிடுவேன். "ஓ, நாலாவது மாடியில லைட் எரியலையாம்!" "ஓ, பார்க்கிங்ல வேன் மறிச்சு நிக்குதாம்!" நாள் முழுக்க ஓ, ஓ என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்படியிருந்தும் ஒரு வெள்ளிக்கிழமை, செருப்புப் பிரிவிலிருந்து "மஞ்சள் பாவாடை, மூணு வயசு, காணோம்" என்று வந்தது. அப்போது நான் ஒருவருக்குக் குடை தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் வாசல் கதவை விரியத் திறந்து பிடித்து, வெளியே போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். ஓடினேன். "மஞ்சப் பாவாடை!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். சட்டென்று கதவைச் சாத்தி, குறுக்கே கையை நீட்டி நின்றுவிட்டார். குழந்தை வெளியே போகவே இல்லை, ஒரு பொம்மையின் புடவைக்குள் ஒளிந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த விரியத் திறந்த கதவு கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மதிய உணவு நேரத்தில், சார்ஜர் வைத்திருக்கும் சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குப் போன் செய்தேன். வாக்கியை இடுப்பில் மாட்டாமல் கைப்பைக்குள் போட்டிருந்தேன். போடக் கூடாது என்பது சட்டம். பையை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். உள்ளே டிபன் பாக்ஸ் வாக்கியின் பொத்தானை வசமாக அமுக்கிக்கொண்டது. ஒரு நிமிடத்துக்குமேல் அமுக்கினால் தானே நிறுத்திக்கொள்ளும் செட்டுகள் இருக்கின்றனவாம். எங்கள் செட்டுகளுக்கு அந்த அறிவு இல்லை.

பேசி முடிப்பதற்குள் கதவு திறந்தது. மூன்றாவது மாடி அக்கா மூச்சிரைக்க வந்து, என் மடியிலிருந்த பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். வாக்கி விழுந்தது.

"ஏம்மா, பாப்பாவுக்கு இப்ப வயிறு தேவலையா? பச்சையாப் போச்சுன்னியே" என்றார்.

எனக்குக் காது அடைத்தது. "அக்கா, எதுவரைக்கும் கேட்டுச்சு?"

"உங்க மாமியார் ரசத்துல உப்பு போடறதுல இருந்து, தாழ்ப்பாள் போட்டாங்களான்னு நீ நாலு தடவ கேட்டது வரைக்கும்."

"அண்ணன் விஷயம்?"

"'அண்ணனுக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க, இது எனக்கு மட்டுந்தான் தெரியும்.' அதுவும் கேட்டுச்சும்மா. அஞ்சு மாடிக்கும் கேட்டுச்சு. மேனேஜர் கையிலயும் ஒரு செட்டு இருக்குல்ல."

வெளியே ஓடினேன். மற்ற பதின்மூன்று செட்டுகளிலும் என் குரல் போயிருக்கிறது. கேட்காத ஒரே ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் இடுப்பிலிருந்தும் நான்தான் பேசியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் இன்னும் அவர் இடுப்பையே விநோதமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் ஒரு குழந்தை வண்டிக்கு வழிவிட்டு, கொக்கியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"ஏஞ்சாமி, ஆளாளுக்கு என்னயவே பாக்கறாங்க? மீசயில ஏதாச்சும் ஒட்டிருக்குதா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் முன்னால் நின்று, உதடு தெரியும்படி, "நான் போன்ல பேசினது வாக்கியில போயிருச்சுங்கண்ணா. உங்களுக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்திருந்தார். பிறகு, மாடிக்காரர்கள் சொல்லும் எந்தச் செய்தியையும் வாங்கிக்கொள்ளும் அதே குரலில் திருப்பிச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காது. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சரிங்களா?"

நான் "சரிங்க" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேனேஜர் அண்ணனையும் என்னையும் மூன்றாவது மாடி அக்காவையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காது கேக்காத ஆளு கையில வாக்கி எதுக்குங்கண்ணா?"

"கேக்கற ஆளுங்க பதிமூணு பேரு இருக்கறாங்கல்லங்க. காலைல நாஞ்சொன்னத இப்ப ஒருத்தரு திருப்பிச் சொல்லட்டும் பாக்கலாம். ஏனுங்க, முந்தாநேத்து மீட்டிங்குல நீங்க என்ன சொன்னீங்க? நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். ஆனால் அசையவில்லை. "அதெல்லாம் செரிங்க. ஒரு குழந்த தப்பிப் போயிருந்தா?"

மூன்று நாள் சாப்பிடாமல் நான் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான். அண்ணன் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"இந்தப் புள்ள பக்கத்துல இருக்குதுங்களே. எத்தன கூட்டம் வந்தாலும் சிரிச்ச மொகம். பதட்டமே கெடையாது. இதாட்டத் தைரியமான புள்ளய நான் பாத்ததில்லீங்க."

மூன்றாவது மாடி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். மேனேஜர் மேசை டிராயரைத் திறந்து அதற்குள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். என் பாப்பாவின் வயிற்றுப்போக்கிலிருந்து தாழ்ப்பாள் வரை கேட்டவர்கள் அல்லவா? நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் டாக்டரிடம் காட்டிக் காதுக்கு மெஷின் மாட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். இதுதான் முடிவு. "மாட்டுனா கெழவம்பாங்க" என்று அவர் முனகினார். மகள் கல்யாணத்தில் மேடையில் நிற்கும்போது தெரியுமே என்று கவலைப்பட்டார். கடைசியில் மாட்டிக்கொண்டு வந்தார், மீசைக்குப் பொருத்தமாகக் கறுப்பில்.

முதல் நாள் அவர் பட்ட அவஸ்தை! "இந்தக் கடைக்கு இத்தன சத்தமா சாமி?" ஹேங்கர் கம்பியில் உரசுவதற்குத் திரும்பினார். குழந்தைகளின் கீச்கீச் செருப்புக்குத் திரும்பினார். வாக்கியைக் காதருகே கொண்டுபோனால் மெஷின் விசிலடித்தது. வெள்ளெழுத்துக்காரர் செய்தித்தாள் படிப்பதுபோலக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக் கேட்டார். ஆனால் கேட்டது. ஒவ்வொரு மாடிக்கும் அவரே திருப்பிச் சொன்னார். நான் ஓ, ஓ என்று ஆச்சரியப்பட வேண்டியிருக்கவில்லை.

மதியம், அவர் என் மேசையருகே நின்றிருந்தபோது, வழக்கம்போலக் குனிந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, கதவச் சாத்துனீங்களா? தாழ்ப்பாளும் போட்டீங்களா? கேஸை அணைச்சீங்களா? ரெகுலேட்டரையும்தானே? பாப்பா தூங்கறாளா? இவ்வளவு நேரமாவா? மூக்குகிட்ட கைய வெச்சுப் பாருங்க அத்தை. வாசல்ல யாரோ பேசற மாதிரி இருக்கே, யாரு?"

அத்தை போனை வைத்துவிட்டார். நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் வந்தால் எனக்குப் பல் தெரியும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பதுபோல இருக்கும். இத்தனை காலமும் அவர் பார்த்தது அந்தப் பற்களைத்தான். உலகத்தில் ஒரே ஒருவர் என்னைத் தைரியசாலி என்று நம்பியிருந்தார். அவருக்கும் நானே காது வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

"தெனமும் இதுதான் பேசுவியா?"

"ஆமாங்கண்ணா."

அவர் மெஷினைக் கழற்றினார். என் பனியன் துணியை எடுத்து அதைத் துடைத்து, அதன் டப்பாவுக்குள் வைத்து மூடி, மேசைமேல் வைத்தார். "செத்த நேரம் இருக்கட்டும். காது நோவுது."

என் விரல் மறுபடியும் வீட்டு எண்ணை அமுக்கியிருந்தது. நான் அமுக்கவில்லை, அது தானாகச் செய்யும்.

"இங்க குடு" என்று போனை வாங்கிக் காதில் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தி, ஒரு மூச்சு விட்டு, "வாசல் பேசறேனுங்க. அங்க எல்லாம் செரியா இருக்குதுங்களா?" என்றார். காத்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கதவு சாத்திருக்குது. கேஸு அணைச்சாச்சு. ரெகுலேட்டரும்தான். பாப்பா தூங்குது. மூச்சு நல்லா வருது."

மறுமுனையில் அத்தை எடுத்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. எடுத்திருந்தாலும்தான் என்ன? அவருடைய காது மூடிய டப்பாவுக்குள், எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் இருந்தது.

"திருப்பிச் சொல்லு, சாமி" என்றார்.

சொன்னேன்.